‘அழித்தது’ என்னும் சொல்: ஆய்வுக்கூடமும் மொழிப்பொறுப்பும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் இதுபோன்றதோர் அரங்கில் எங்கள் ஆய்வுக்குழுவின் பணியைத் தமிழில் விளக்கினோம். “நாங்கள் உருவாக்கிய புதிய சேர்மம் பெருங்குடற் புற்று உயிரணுக்களை அழித்தது” என்று கூறி முடித்தோம், கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்தபின் ஓர் அம்மையார் எங்களிடம் வந்தார். “ஐயா, என் கணவருக்கு அந்த நோய்தான். உங்கள் மருந்து எங்கே கிடைக்கும்? அதுவரை மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்தி வைக்கலாமா?” என்று வினவினார். நிறுத்தவே கூடாது என்று உடனே சொன்னோம். ஆயினும், அவ்வினாவை எழுப்பியது எங்கள் சொல்லே என்பது எங்களை உறுத்திற்று. அச்சொல்லுக்குக் கணக்குக் கொடுக்கவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது என்ன? எச்டி-29 என்னும் உயிரணு வழி ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டில், 44 வயதுப் பெண்மணி ஒருவரின் பெருங்குடற் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உயிரணுக்களின் வழித்தோன்றல்கள் அவை. உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அவை இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 37 பாகை செல்சியஸ் வெப்பமும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் உள்ள பேழையில் அவற்றை வளர்க்கிறோம். 96 குழிகள் கொண்ட, உள்ளங்கையளவான தட்டில், குழிக்குச் சில ஆயிரம் உயிரணுக்களை இடுகிறோம். புதிய சேர்மத்தைக் கரைத்து, வெவ்வேறு செறிவுகளில் சேர்க்கிறோம். சில குழிகளில் கரைப்பான் மட்டுமே இருக்கும். வேறு சிலவற்றில், 1957-இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் அறிமுகப்படுத்தி இன்றளவும் பயன்பாட்டில் உள்ள 5-ஃபுளோரோயுராசில் என்னும் மருந்து இருக்கும். உரைகல் இன்றிப் பொன்னின் மாற்றை அறிய இயலாதன்றோ?

இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் எம்டிடி என்னும் மஞ்சள் நிறப் பொருளைச் சேர்க்கிறோம். இச்சோதனையை 1983-இல் டிம் மோஸ்மன் வெளியிட்டார். உயிருள்ள உயிரணுக்களின் நொதிகள் அம்மஞ்சளை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். படிகங்களைக் கரைத்து, அவை ஒளியை எவ்வளவு உட்கவர்கின்றன என்று கருவியால் அளக்கிறோம். ஊதாவைப் பாதியாகக் குறைக்கும் செறிவே பாதித் தடைச் செறிவு. அந்த எண் சிறிதாக இருப்பின் சேர்மத்தின் ஆற்றல் பெரிது.

அன்று மேடையேறியபோது எங்கள் கையில் இருந்தது அந்த ஓர் எண்ணே. ஊதா ஏன் குறைகிறது? உயிரணுக்கள் இறந்திருக்கலாம்; இறவாமல் பெருக்கம் மட்டும் நின்றிருக்கலாம்; உயிரோடிருந்தும் நொதிகள் தளர்ந்திருக்கலாம். மூன்றையும் ஊதா நிறம் பிரித்துக் காட்டாது. பின்னர், இறந்த உயிரணுக்களில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலத்தை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். பெரும்பாலானவை நீலம் ஏறாமல், உயிரோடு இருந்தன, எண்ணிக்கைதான் பெருகவில்லை. அடுத்து, நோயற்ற குடல் உயிரணுக்களிலும் சோதித்தோம். ஏறத்தாழ அதே செறிவில் அவற்றின் வளர்ச்சியும் நின்றது. புற்றையும் நலத்தையும் வேறுபடுத்தத் தெரியாத சேர்மம் அது. துணி வெளுக்கும் திரவமும் தட்டிலுள்ள புற்று உயிரணுக்களைக் கொல்லும். அதனால் அது மருந்தாகிவிடாது.

தட்டில் கல்லீரல் இல்லை, ஓடும் குருதி இல்லை, நோயெதிர்ப்பு இல்லை. தட்டில் வென்ற சேர்மம் விலங்குகளிலும், பின்னர் மனிதரிடத்தில் படிப்படியாகவும் சோதிக்கப்பட வேண்டும். புறப்பட்டவற்றுள் மிகப் பல வழியிலேயே நின்றுவிடுகின்றன. எங்கள் சேர்மமும் நின்றுவிட்டது.

தமிழில் சொல் இல்லை என்பது எங்கள் குறையன்று. ‘தடுத்தது’, ‘நிறுத்தியது’, ‘தளர்த்தியது’, ‘கொன்றது’ எனத் தனித்தனி வினைகள் நம்மிடம் உண்டு. கைதட்டல் தரும் வினையை நாங்கள் தேர்ந்தோம், அதுவே பிழை. செல் என்பதா, உயிரணு என்பதா, கலம் என்பதா என்று கலைச்சொல்லுக்காக நெடுநேரம் வாதிடுகிறோம். பெயர்ச்சொல் எதுவாயினும் பொருள் விளங்கிவிடும். வினைச்சொல் தவறினால் ஒரு குடும்பம் சிகிச்சையை நிறுத்திவிடக்கூடும்.

ஆகவே எங்களுக்கு நாங்களே மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டோம். மனிதரிடத்தில் மெய்ப்பிக்கப்படும்வரை ‘மருந்து’ என்னாது ‘சேர்மம்’ என்போம். ‘ஆய்வுக்கூடத் தட்டில்’ என்னும் இடக்குறிப்பை விடமாட்டோம். அளந்ததை மட்டுமே வினையாக்குவோம். செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இவற்றை ஏற்பார்களாயின் மகிழ்வோம்.

இறுதியாக, அந்த அம்மையாருக்கு அன்று சொல்லத் தவறியதை இங்குச் சொல்கிறோம். புதிய சேர்மங்கள் வரும்போது வரட்டும். மலத்தில் மறைந்துள்ள குருதியைக் கண்டறியும் எளிய சோதனை இன்றே நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. சிங்கப்பூரில் 50 வயதை எட்டியோர் ஆண்டுதோறும் அதனைச் செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் பெருங்குடற் புற்று பெரும்பாலும் குணப்படுத்தத் தக்கது. இவ்வரங்கில் உள்ளோர் தம் இல்லத்துப் பெரியோரிடம் இதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம்.