பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியங்கள் பற்றித்தான் பேசுவோம். இன்று கணினியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நமது வட்டியில்லாக் கடன் நிதிக்கு வரும் மனுக்களில் சில மாதங்களாக மடிக்கணினி வாங்குவதற்கான மனுக்கள் கூடிக்கொண்டே வருகின்றன. மனுக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். "விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். புதிய விண்டோஸ் இதில் ஏறாதாம். வேறு வாங்கச் சொல்லிவிட்டார்கள்." இன்னும் சிலர் நம்மிடம் வராமலேயே மாதத் தவணையில் வாங்கிவிட்டு, அதில் வட்டி சேர்ந்திருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டு மனம் வருந்தி நிற்கிறார்கள்.

நிதியில் இருப்பது உங்கள் பணம். அது நம்மிடம் உள்ள அமானிதம். ஒரு மடிக்கணினிக்குப் போகும் தொகை ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமாக ஆகலாம், ஒரு முதியவரின் பல மாத மருந்துச் செலவாக ஆகலாம். ஆகவே, கணினி உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடன் தருவது என நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று நீங்களும் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது. நின்றது பாதுகாப்புத் திருத்தங்கள். மென்பொருளில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துக் கொடுக்க இனி ஆள் வரமாட்டார். அந்தக் கணினியில் வங்கிக் கணக்குப் பார்ப்பவருக்கும், ஆதார், உதவித்தொகை விண்ணப்பம், பாஸ்போர்ட் வேலைகள் செய்பவருக்கும் இது கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் அதில் இருந்தால் இன்னும் கவனிக்க வேண்டும். ஆனால் கவனிப்பது வேறு, பதறுவது வேறு.

அடுத்து, மக்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறத் தகுதி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்தக் கணினி ஏன் மெதுவாக ஓடுகிறது என்பது வேறு கேள்வி. மெதுவாக ஓடும் கணினிக்குத் தகுதி இருக்கலாம். வேகமாக ஓடும் கணினிக்குத் தகுதி இல்லாமலும் போகலாம். இரண்டுக்கும் மருந்து தனித்தனி.

தகுதியை எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 கேட்பவை இவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதியுள்ள யு.இ.எஃப்.ஐ., டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நிறுவனத்தின் பட்டியலில் உள்ள ப்ராசஸர். ரேமும் சேமிப்பிடமும் பெரும்பாலான வீடுகளில் தேறிவிடும். தகராறு வருவது டி.பி.எம்.மிலும் ப்ராசஸரிலும்தான்.

ப்ராசஸரைப் பார்க்க, செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் பெயர் இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால், கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் முதல் இலக்கம் 8, ஆகவே எட்டாம் தலைமுறை. ஐ3-7020யூ என்றால் ஏழாம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-10210யூ என்பது பத்தாம் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் பட்டியலில் உள்ளன. ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காக மிகச் சில தவிர மற்றவை இல்லை. செலரான், பென்டியம், ஏ.எம்.டி. வகைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசை என்று எழுதியிருந்தும் உள்ளே பழைய வகையாக இருக்கும் மடிக்கணினிகள் உண்டு. அரசு பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளும் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு வகை. பக்கத்து வீட்டில் தேறியது என்பதால் நம் வீட்டிலும் தேறும் என்று சொல்ல முடியாது.

எண்ணைப் படிப்பது சிரமம் என்றால், பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. அதை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஓடவிட்டால் தகுதி உண்டு, இல்லை என்று சொல்லும். இல்லை என்றால் எதனால் இல்லை என்றும் சொல்லும். அந்தக் காரணத்தைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நமது மஹல்லாவில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர் இருக்கிறார். அளவுக் கணக்கும் ரசீதும் மடிக்கணினியில்தான் வைத்திருக்கிறார். "ஏறாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் சோதித்தபோது ப்ராசஸர் எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். டி.பி.எம். இல்லை என்பது மட்டுமே காரணமாக வந்தது. இந்தத் தலைமுறைக் கணினிகளில் அது பெரும்பாலும் ப்ராசஸரோடு சேர்ந்தே வருகிறது. அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் பகுதியில் இன்டெலுக்குப் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.க்கு எஃப்.டி.பி.எம். என்றும் பெயர். நமது கணினிக் கூடத்துத் தம்பி அதைத் திறந்துவிட்டார். மறுபடி சோதித்தோம், தகுதி உண்டு என்று வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கணினியில் டி.பி.எம். இயங்குகிறதா என்று பார்க்க, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் டி, பி, எம், புள்ளி, எம், எஸ், சி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதிப்பு 2.0 என்று காட்டினால் சரி. பயாஸில் கைவைக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பழைய முறையில் பிரிக்கப்பட்ட ஹார்ட் டிஸ்கில் அமைப்பை மட்டும் மாற்றினால் கணினி திறக்காமல் நின்றுவிடக்கூடும். அதற்கும் முன்னால், எதைச் செய்வதானாலும், கோப்புகளையும் படங்களையும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொரு வீட்டில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். திறக்கவே நெடுநேரம் ஆகிறது. இதற்கு விண்டோஸ் 11 தகுதி இல்லை. ரேம் கூட்டினாலும், எஸ்.எஸ்.டி. போட்டாலும் தகுதி வராது, ப்ராசஸர் மாறப்போவதில்லை. இதைச் சொல்லாமல் "எஸ்.எஸ்.டி. போட்டால் 11 ஏற்றலாம்" என்று காசு வாங்கும் இடங்களும் இருக்கின்றன, ஜாக்கிரதை. ஆனால் அந்தப் பிள்ளையின் அன்றாடத் தொல்லை மெதுவாக ஓடுவதுதான். அதற்கு எஸ்.எஸ்.டி. நல்ல மருந்து. புதிய கணினியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பிற்காலத்தில் வேறு கணினி வாங்கினாலும் அதைக் கழற்றிப் பயன்படுத்த வழி உண்டு. அவருக்கு டேலி பழக வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே விண்டோஸ் 10-இலேயே இருந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் பதிந்துகொள்ளச் சொன்னோம்.

அந்தத் திட்டம் பலருக்குத் தெரியவில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்க மைக்ரோசாஃப்ட் வழி வைத்தது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் தனிக் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்பவர்களுக்கு 30 டாலர் கட்டும் வழி உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம். இது நிரந்தரத் தீர்வாகாது, தவணை மட்டுமே. ஆனால் வட்டியில்லாத தவணை. அதற்குள் அந்தக் குடும்பம் சிறுகச் சேர்த்துக்கொள்ளலாம், நாமும் அடுத்த நிதியாண்டில் உதவலாம்.

மூன்றாவது, நமது மதரஸா மாடியில் உள்ள கணினிக் கூடம். அங்கே நன்கொடையாக வந்த எட்டு கணினிகள் இருக்கின்றன. சோதித்ததில் இரண்டு மட்டுமே தேறின. மற்ற ஆறும் நான்காம், ஆறாம் தலைமுறைக்காரை. அவற்றில் பிள்ளைகள் செய்வது என்ன? தட்டச்சுப் பழகுகிறார்கள், இணையத்தில் பாடம் பார்க்கிறார்கள், விண்ணப்பம் நிரப்புகிறார்கள், கடிதம் அடிக்கிறார்கள். இவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. அதன் 22-ஆம் பதிப்புக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் அதில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள்.

அதில் ஒரு நல்ல அம்சம், பென்டிரைவில் போட்டு, உள்ளே எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். பிரிண்டர், வைஃபை, தமிழ் எழுத்து எல்லாம் சரியா என்று பார்த்த பிறகே நிறுவினோம். குறையையும் சொல்லிவிட வேண்டும். எம்.எஸ். ஆஃபீஸும் டேலியும் அதில் நேரடியாக ஓடாது. லிப்ரே ஆஃபீஸ் என்ற மாற்று உண்டு, பழகச் சில நாள் ஆகும். டேலி பழக வேண்டிய பிள்ளைகளுக்குத் தேறிய இரண்டு கணினிகளையும் ஒதுக்கியிருக்கிறோம்.

தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எந்தத் திருத்தத்துக்காக மாறுகிறோமோ அதுவே நிச்சயமில்லை என்றால் மாறுவதில் என்ன பயன்? உரிமமில்லாத விண்டோஸைப் போட்டுத் தருவதையும் ஏற்காதீர்கள். அது அடுத்தவர் உரிமை. அதோடு, பூட்டை உடைக்கும் அந்த மென்பொருளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, எப்போதுதான் புதிது வாங்குவது? பிழைப்புக்கு விண்டோஸ் கட்டாயம் வேண்டும், கணினிக்குத் தகுதியில்லை, நீட்டிப்பும் முடிந்துவிட்டது என்றால் வாங்கத்தான் வேண்டும். திரை, பேட்டரி, மதர்போர்டு என ஒன்றன்பின் ஒன்றாகப் பழுது வந்தாலும் வாங்க வேண்டும். அப்போது தயங்காமல் நம்மிடம் வாருங்கள். பழையது வாங்கினாலும் குற்றமில்லை. காசு கொடுக்கும் முன்பே ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள், ஹெல்த் செக்கை ஓடவிட்டுப் பாருங்கள், 8 ஜிபி ரேமாவது இருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபியில் ஏறும், ஆனால் நிம்மதியாக ஓடாது.

வீட்டிலிருந்து வெளியே போகும் பழைய கணினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இரும்புக்குப் போட்டாலும், யாருக்காவது கொடுத்தாலும், டிஸ்கை முழுமையாக அழித்த பிறகே கொடுங்கள். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது அழிப்பதாகாது. நமது கூடத்துக்குக் கொடுக்க விரும்புவோர் கொண்டுவந்தால், உங்கள் கண் முன்னாலேயே அழித்துத் தருவோம்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் மஃரிப் வரை மதரஸா மாடியில் கணினிச் சோதனை நடக்கும். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு, நமது கூடத்தில் பயின்ற இரு மாணவிகள் பார்த்துத் தருவார்கள். கட்டணம் இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சீட்டுத் தருவோம். தகுதி உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன, என்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கும். கணினிக்கான கடன் மனுவோடு அந்தச் சீட்டை இணைக்க வேண்டும். பிள்ளைக்குத் தேர்வு நெருங்கிவிட்டது, நாளைக்கே தேவை என்ற நிலையில் இருப்பவர்கள் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அலுவலகத்துக்கு வாருங்கள், அன்றே பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.