சின்னத்தாய் என்னும் முதல் ஆசிரியை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட நினைவுரையின் எழுத்து வடிவம்)



கம்பம் பள்ளத்தாக்கு முடிந்து குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் அமைந்த ஊர் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாற்றின் நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, பெருங்குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, அதன்பின் வயல்களை நாடிச் செல்கிறது. 1895-ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்த அந்த அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிற்குத் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் இவ்வூரில் 2013-இல் திறக்கப்பட்டது. தைத்திங்களில் பொங்கல் பானையோடு அங்கே வந்து நிற்கும் உழவர்களை இப்பள்ளத்தாக்கில் யாவரும் அறிவர்.

அதே லோயர் கேம்ப்பில் இன்னொரு நினைவிடமும் உண்டு. அதை எழுப்பியது அரசன்று, ஒரு மகன். இசையமைப்பாளர் இளையராஜாவுக்கு உரிய தோட்ட வளாகத்தில் அவருடைய அன்னை சின்னத்தாய் அம்மையார் நிலைத்த துயில் கொண்டுள்ளார். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் மறைந்த மருமகள் ஜீவா அம்மையாரின் நினைவிடமும் அங்கேயே உள்ளது. 2024-ஆம் ஆண்டு சனவரி 25-இல் இலங்கையில் காலமான பேத்தி பவதாரிணியின் உடலும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து இவ்வடிவாரத்திற்கு வந்து, சனவரி 27 அன்று பாட்டியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. மாமியார், மருமகள், பேத்தி என ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே மண்ணில் உறங்குகின்றனர். அம்மூவருள் மூத்தவரைப் பற்றியதே இவ்வுரை.

சின்னத்தாய் அம்மையாரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை ஒன்று உண்டு. அவர் தம் கையால் எழுதிவைத்த குறிப்பு எதுவும் மக்கள் பார்வைக்கு வந்ததில்லை. அவரைப் பற்றி உலகம் அறிந்தவையெல்லாம் மக்கள் மேடையிலும் நூலிலும் சொன்னவையே. அச்செய்திகளுள் ஒன்று மட்டும் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுப் புகழ்பெற்றது. அதுவே வானொலிப் பெட்டியை விற்ற கதை. அக்கதையின் பெருமையில் அவருடைய மற்றொரு பெருமை மறைந்துபோயிற்று என்பதே இங்கு எடுத்துரைக்கப்பட வேண்டிய கருத்து.

அம்மையார் குடும்பம் நடத்திய ஊர் பண்ணைப்புரம். கோம்பைக்கும் தேவாரத்திற்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருப்பது. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கணவர் டேனியல் ராமசாமி மலைத்தோட்டத்தில் கங்காணியாகப் பணியாற்றியவர். மேலே தேயிலையும் ஏலமும், கீழே நெல்லும் சோளமும் என்றிருந்த அந்நாளைய வாழ்வில், அடிவாரத்து ஊர்கள் பலவற்றின் அடுப்பு மலையிலிருந்து வந்த கூலியை நம்பியே எரிந்தது. கணவர் முன்னரே மறைந்துவிட, பிள்ளைகளை ஆளாக்கும் பொறுப்பு அம்மையாரின் தலைமேல் விழுந்தது. மூத்த அண்ணன் பாவலர் வரதராசன், பாஸ்கர், பள்ளியில் ராசையா என அழைக்கப்பட்ட ஞானதேசிகன், அமர்சிங் என்ற இயற்பெயருடைய இளையவர் ஆகியோர் வளர்ந்த வீடு அது. ராசையாவே பின்னாளில் இளையராஜா. அமர்சிங்கே கங்கை அமரன்.

வறுமை எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். வைகை அணை கட்டப்பட்ட 1950-களில், படிப்புச் செலவுக்காக ராசையா அங்கே கூலி வேலை பார்த்ததை அவரே கூறியுள்ளார். எட்டாம் வகுப்பைத் தாண்டிப் பள்ளிப் படிப்பைத் தொடர அவரால் இயலவில்லை. அத்தகைய வீட்டில்தான் பாட்டு குறைவின்றி இருந்தது.

அந்தப் பாட்டு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, வாசல் வழி. பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகர். உழைக்கும் மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியல் கருத்தை ஏற்றிப் பாடுவதில் வல்லவர். 1957-இல் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமை அரசு அமைந்தபின், 1958-இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களிடம் அரசியலைக் கொண்டுசென்றவற்றுள் பாவலரின் பாட்டும் ஒன்று. அவருடைய குழுவில் சிறுவன் ராசையா சேர்ந்ததும் அக்காலத்திலேயே. அண்ணன் உடல்நலம் குன்றியிருந்த வேளையில் தம்பியையும் உடன் அழைத்துச் செல்லும்படி சொன்னவர் தாய் என்று இளையராஜா நினைவுகூர்ந்திருக்கிறார். ஆர்மோனியப் பெட்டியைத் தொடுவதற்குக்கூட அண்ணனின் இசைவு கிடைக்காதிருந்த சிறுவனுக்கு மேடைக்கு வழிகாட்டியது ஒரு தாயின் சொல்.

மற்றொன்று, அடுக்களை வழி. தாலாட்டு, நடவுப் பாட்டு, களையெடுப்புப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என்று ஒரு பெண் பிறப்பிலிருந்து இறப்பு வரை பாடும் பாடல்கள் இப்பள்ளத்தாக்கில் ஏராளம். தாயின் வாயிலிருந்து கேட்ட பாடல்களே தமக்கு முதல் இசை என்பதை இளையராஜா பலமுறை எடுத்துரைத்துள்ளார். பாட்டு அங்கே தனியொரு கலையாகக் கற்பிக்கப்படவில்லை. வேலையோடு வேலையாக வந்தது. குழந்தையை உறங்கவைக்க வேண்டுமானால் பாட்டு. நாற்று நடும் கைகள் ஒன்றுபோல் அசைய வேண்டுமானால் பாட்டு. இழவு வீட்டில் துக்கம் வெளிவர வேண்டுமானால் பாட்டு. மெட்டு எங்கே இழுபட வேண்டும், எங்கே உடைய வேண்டும், மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை உழைப்பே தீர்மானித்தது. இதனைப் பயின்ற காதுக்கு வேறு பாடசாலை அவ்வயதில் தேவைப்படவில்லை.

இனி வானொலிப் பெட்டிக்கு வரலாம். 1968-ஆம் ஆண்டு மக்கள் சென்னைக்குச் சென்று திரையிசையில் முயன்றுபார்க்க விரும்பினர். கையில் காசில்லை. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை அம்மையார் 400 ரூபாய்க்கு விற்று, தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல் அத்தொகையை அவர்களிடமே கொடுத்தார். இதனை இளையராஜா பல மேடைகளில் நெகிழ்ந்து கூறியுள்ளார்.

இச்செயலைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் எதை விற்றார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் விற்றது நிலமன்று, நகையன்று. பாட்டைக் கொண்டுவந்து வீட்டிற்குள் ஊற்றிய ஒரே கருவியை விற்றார். திரைப்பாடலும் செவ்விசையும் வானில் மிதந்து சிற்றூருக்கு வந்து சேர அந்நாளில் வேறு வழியில்லை. பாட்டைக் கேட்கும் கருவியைக் கொடுத்து, பாட்டை உண்டாக்கும் வாய்ப்பை அவர் வாங்கினார். பாட்டின் மதிப்பை அறியாத ஒருவரால் அந்த முடிவை எடுத்திருக்க இயலாது. தாய்ப்பாசத்தோடு ஒரு தேர்ந்த இசை இரசிகரின் துணிவும் அதில் உண்டு.

சென்றவர்கள் உடனே வென்றுவிடவில்லை. ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்விசையைக் கற்றார், ஜி. கே. வெங்கடேஷ் முதலியோரிடம் உதவியாளராக உழைத்தார். எட்டாண்டுகள் கழிந்தன. இடையில், 1973-இல், பாவலர் வரதராசன் மறைந்தார். தம்பியின் வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1976-இல் தேவராஜ் மோகன் இயக்கிய அன்னக்கிளி வெளிவந்தது. ராசா என்ற பெயரின் முன் இளைய என்னும் அடைமொழியைச் சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். அப்படத்தின் பாடல்கள் ஒலித்தபோது நகரத்தார் புதுமை என்று வியந்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் களத்துமேட்டில் நின்றவர்களுக்கோ அது பழகிய குரலின் எதிரொலி. நடவுப் பெண்களின் மெட்டும் கிதாரும் வயலினும் ஒரே பந்தியில் அமர்ந்தன. அதற்கான அறிவைத் தன்ராஜ் மாஸ்டர் தந்தார். அதற்கான பொருளைச் சின்னத்தாய் தந்திருந்தார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மகனின் பெருமையையெல்லாம் தாய்க்கு ஏற்றிச் சொல்வது மரபான புகழ்ச்சிதானே என்பது அம்மறுப்பு. உண்மைதான்; அந்த மிகை இங்கு வேண்டுவதில்லை. அதே பாடல்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் எல்லோரும் இசையமைப்பாளர் ஆகிவிடவில்லை. அண்ணனின் மேடை, ஆசிரியரின் பயிற்சி, தம் உழைப்பு ஆகியவை இன்றி இளையராஜா இல்லை. ஆயினும் மேடைக்குப் பாவலர் பெயரும், பயிற்சிக்குத் தன்ராஜ் மாஸ்டர் பெயரும் வரலாற்றில் எழுதப்படும்போது, அவ்விரண்டிற்கும் முந்திய பாடத்தைத் தந்தவர் மட்டும் ‘பெட்டியை விற்ற தாய்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுவது நீதியாகாது. அவர் கொடுத்தவர் மட்டுமல்லர்; அறிந்தவரும் ஆவார். அவரைத் தியாகத்தின் சின்னமாக மட்டும் வைப்பது, அவருடைய கல்வியை மறுப்பதற்கு ஒப்பாகும்.

இது ஒருவருக்கு நேர்ந்த குறையன்று. நாட்டார் பாடலின் வரலாறு முழுவதிலும் இக்குறை உண்டு. பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த மலையருவி 1958-இல் வெளிவந்தது. பேராசிரியர் நா. வானமாமலை தமிழர் நாட்டுப்பாடல்களை 1964-இல் தந்தார். இவை இல்லையேல் எத்தனையோ பாடல்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். அப்பெரியோர்க்குத் தமிழுலகம் என்றும் கடமைப்பட்டது. எனினும் பாட்டு நூலேறிய அளவுக்குப் பாடிய பெண்ணின் வாழ்க்கை நூலேறவில்லை. அவள் யார், யாரிடம் கற்றாள், எந்த வயலில் எந்தத் துயரில் அவ்வடியைக் கட்டினாள் என்பதெல்லாம் காற்றோடு போயின. சின்னத்தாய் அம்மையாரின் பெயராவது நிலைத்தது, மகன் புகழ்பெற்றதனால். புகழ்பெற்ற மகன் இல்லாத சின்னத்தாய்கள் எத்தனை பேர்!

அம்மையாரின் பெயர் பாட்டிலேயே நிலைபெற்ற ஒரு செய்தியும் உண்டு. 1991-இல் வெளிவந்த தளபதி படத்திற்குக் கவிஞர் வாலி இயற்றிய தாய்மைப் பாடல் இப்பெயரையே தொடக்கமாகக் கொண்டது. கைக்குழந்தையைப் பிரிய நேர்ந்த தாயின் துயரைச் சொல்லும் அப்பாடலைக் கேட்டோர் பலர்; அதில் இசையமைப்பாளரின் அன்னை பெயர் இருப்பதை அறிந்தோர் சிலரே.

அவர் விட்டுச்சென்ற குடும்பம் இசையை மூன்றாம் தலைமுறைக்கும் கொண்டுசென்றது. கார்த்திக் ராஜா, யுவன் சங்கர் ராஜா, பவதாரிணி ஆகிய மூவரும் இசைத்துறையில் தடம் பதித்தனர். பாரதி படத்தில் பாடியதற்காகப் பவதாரிணி 2000-ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருதைப் பெற்றார். கங்கை அமரன் பாடலாசிரியராகவும் இயக்குநராகவும் பெயர் பெற்றார். மூத்த அண்ணனின் நினைவாகப் பாவலர் கிரியேஷன்ஸ் என்னும் நிறுவனம் எழுந்தது. பாஸ்கர் தயாரிப்பாளராக, 1981-இல் அலைகள் ஓய்வதில்லை அதன் வெளியீடாக வந்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. பண்ணைப்புரத்து வீட்டிலிருந்து இலண்டன் அரங்கு வரையிலான அந்த நெடிய வழியின் முதல் செலவு 400 ரூபாய் என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிஞ்சுகிறது.

அவையோரே, நினைவிடத்தில் மலர் வைப்பது மகனின் கடமை. அதனை அவர் செய்துவருகிறார். இலக்கியம் பேசும் அவையின் கடமை வேறு. பத்தாண்டுகளைக் கடந்த இவ்வட்டம் கவிதைக்கும் கதைக்கும் கூட்டம் கூட்டியதுபோல், பாட்டிமார்க்கும் ஒரு கூட்டம் கூட்ட வேண்டும். கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும், மலைத்தோட்ட வேலைக்கு அதிகாலையில் ஜீப்பேறிச் செல்லும் பெண்களிடத்தும், நடவு எந்திரம் வந்தபின் பாட வாய்ப்பின்றி வாய்மூடியிருக்கும் மூதாட்டியரிடத்தும் இன்னும் பாடல்கள் உண்டு. இன்று ஒவ்வொரு பேரனின் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. பாட்டைப் பதிவதோடு நில்லாமல், பாடியவரின் பெயரையும் ஊரையும் அவர் யாரிடம் கற்றார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தம் பாட்டுக்கு ஒரு பெயருண்டு என்பதை அவர்கள் உயிரோடிருக்கும்போதே அறிதல் வேண்டும்.

சின்னத்தாய் அம்மையாருக்கு இவ்வவை செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே. வாழ்க அவர் புகழ்!