கூட்டம் கலைந்த பிறகு



கனடா நாட்டின் கிழக்குக் கரையில் உள்ளது நோவா ஸ்கோஷியா மாநிலம். அங்கே மீனவர் பிடித்த சிங்கி இறாலுக்கு வியாபாரி வைத்ததே விலை. வலைக்கும் வீட்டுப் பண்டத்திற்கும் அவரிடமே கடன்.

1928-ஆம் ஆண்டு, அங்குள்ள புனித சவேரியார் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென ஒரு துறையைத் தொடங்கிற்று. அதன் இயக்குநர் மோசஸ் கோடி அடிகளார் ஊர்தோறும் பொதுக்கூட்டம் கூட்டினார். கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. அயலார் சிலர் ஒரு வீட்டுச் சமையலறையில் வாரந்தோறும் கூடிப் படித்தனர். நம் பொருளுக்கு விலை வைப்பவர் யார்? நாமே சேர்ந்து விற்றால் என்ன? இக்கேள்விகளிலிருந்து கடன் சங்கங்களும் மீனவர் கூட்டுறவுகளும் எழுந்தன. பேசக் கூசியவர்கள் அச்சிறு வட்டங்களில் பேசப் பழகி, சங்கப் பொறுப்புகளை ஏற்றனர். 1959-இல் அவர் பெயரால் தோன்றிய நிறுவனத்தில் நம் நாட்டினரும் பயின்றுள்ளனர்.

பிரியமானவர்களே, தொழில் தொடங்க முதல் இல்லை என்கிறோம். வழிநடத்தத் தலைவர் இல்லை என்கிறோம். இரண்டும் அயலார் கூடிப் படித்த இடத்தில்தான் பிறந்தன. நம் ஜூபிலிக் கூட்டம் இன்றிரவு கலைந்துவிடும். நாளை மாலை ஐந்து பேர் ஒரு திண்ணையில் கணக்கு நோட்டோடு அமர்வீர்களா? அதுவே இவ்விழாவின் பலன்.