நல்லூர்த் தேருக்கு எந்த வில்லை?



ரொறன்ரோ நகரில் வாழும் என் தமையனாரின் மகன் அண்மையில் தொலைபேசியில் ஒரு வினா விடுத்தான். "சித்தப்பா, இம்முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். புதுக் கமெரா வாங்கிவிட்டேன். லென்ஸ் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்க?" என்றான். அவன் வாங்கியது மிரர்லெஸ் என்று கடைக்காரர் கூறும் ஆடியில்லாக் கமெரா. பழைய கமெராவினுள்ளே ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டிய ஆடி இதில் இல்லை. வில்லைக்கு நேர் பின்னால் உணரி அமர்ந்திருக்கிறது.

வினா சிறிதாயினும் எங்கள் வீட்டில் அது சிறிதன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோது அல்பங்கள் யாவும் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அதன்மேல் இருந்த கூரையும் இல்லை. என் தாயாரின் இளமைக் காலத்துப் படம் ஒன்றேனும் இன்று எங்களிடம் இல்லை. அவருக்கு இப்போது எண்பத்தேழு வயது. பேரன் வரும் மூன்று வாரங்களில் எடுக்கும் படங்களே மிஞ்சப்போகின்றன.

முதலில் தேரைக் கவனிப்போம். இருபத்தைந்து நாள் விழாவில் இருபத்துநான்காம் நாள் தேர். கோயிலினுள்ளே படமெடுத்தல் ஆகாது. ஆதலால் வேலை முழுவதும் வெளிவீதியில்தான். அங்கே வடம் பிடிப்போரும் அடியார்களும் நெருங்கி நிற்க, பின்னால் ஓரடி வைக்கவும் இடம் கிடையாது. எனவே ஒரு சூம் வில்லையை ஆராயும்போது அது எவ்வளவு தூரத்தை அருகே கொணரும் என்று கேட்குமுன், எவ்வளவு அகலத்தை உள்ளடக்கும் என்று கேளுங்கள். முழுச்சட்ட உணரியுள்ள கமெராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பத்து மீற்றர் தூரத்தில் நின்றால், 24 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 15 மீற்றர் உயரம் படத்தில் அடங்கும். 28 இல் 13 மீற்றருக்குச் சற்றுக் குறைவே அடங்கும். இந்த இரண்டு மீற்றரில் தேரின் கலசம் தப்பலாம், போகலாம். சிறிய உணரியுள்ள கமெராவாயின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அங்கே 16 என்பதே இங்கே 24.

28 முதல் 200 வரை செல்லும் வில்லைகளும் உண்டு. சோனிக் கமெராக்களுக்குத் தம்ரோன் நிறுவனம் செய்யும் அத்தகைய ஒன்று 575 கிராம் எடைதான். சோனியின் சொந்த 24–105 வில்லையோ 663 கிராம். குறைந்த எடையில் இருமடங்கு எட்டம் கிடைக்கிறதே என்று மனம் சபலப்படும். நானும் சபலப்பட்டேன். ஆயினும் தேரடியில் எனக்கு வேண்டியது எட்டமன்று.

"இரண்டு வில்லை வைத்து மாற்றி மாற்றிப் போடலாமே" என்பர் சிலர். ஒருமுறை அவ்வாறு செய்தவன் நான். மணல் பரப்பிய வீதி, ஆயிரமாயிரம் கால்கள் கிளப்பிய புழுதி. பெரிய வில்லையைக் கழற்றிச் சிறியதைப் பூட்டி முடிப்பதற்குள் தேர் இருப்பிடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, அன்று எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தின் ஒரே மூலையில் ஒரு கரும்புள்ளி! ஆடியில்லாக் கமெராவில் வில்லையைக் கழற்றினால் பல வகைகளில் உணரி வெட்டவெளியாகவே நிற்கும். புழுதியில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமாயின் கமெராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

இனி ஒளி. மலிவான சூம் வில்லைகளில் எஃப் 3.5–5.6 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். நீட்ட நீட்ட வாய் சுருங்கும் என்பது அதன் பொருள். எஃப் 4 என்று ஒரே எண் உள்ளது முழு நீளத்திலும் அதே அளவு திறக்கும். எஃப் 5.6 உடன் ஒப்பிட எஃப் 4 இருமடங்கு ஒளியையும், எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியையும் தரும். ஆனால் 2.8 வாங்கினால் பெரும்பாலும் 70 உடன் எட்டம் நின்றுவிடும்; விலையும் ஏறும். கைநடுக்கத்தைத் தடுக்கும் பொறி இருக்கிறதே என்று இரவுத் திருவிழாவில் நம்பியிருக்க வேண்டாம். அது உங்கள் கை நடுங்குவதைத் தடுக்குமேயன்றி, ஆடுகின்ற காவடியை நிறுத்தாது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, 24 முதல் 105 வரை செல்லும் எஃப் 4 வில்லையையே வாங்குமாறு எழுதினேன். நிக்கோன் கமெரா உடையோருக்கு 24–120 என ஒன்றுண்டு. பண்ணைப் பாலம், கீரிமலைக் கேணி, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களை அண்ணாந்து பார்க்கும் கூட்டம் யாவும் இதற்குள் அடங்கும்.

அடங்காதவையும் உண்டு. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றால், அங்குள்ள காட்டுக்குதிரைகள் ஐம்பது மீற்றரில் நிற்குமாயின், 105 இல் படத்தின் அகலம் 17 மீற்றர். அதில் குதிரை பூனையளவு தெரியும். களப்பில் இறங்கும் பூநாரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றுக்கு 400 வேண்டும். அவன் குதிரைக்காக வருகிறானா, அப்பாச்சிக்காக வருகிறானா என்று கேட்டேன். சிரித்தான்.

நம் கடற்காற்றும் ஈரமும் கண்ணாடிக்குப் பகை. வில்லையை உடுப்பு அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்காமல் சிறிது நேரம் பொறுத்திருந்தால் அதுவே போய்விடும். பழைய வில்லை வாங்குவோர் கைவிளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து உள்ளே நூல் போன்ற படர்வு உண்டா எனப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

நேற்று அவன் மீண்டும் அழைத்தான். எஃப் 4 வில்லையை வாங்கிவிட்டானாம். "அப்பாச்சி பின்னேரம் விறாந்தையில் இருப்பாவா, உள்ளே இருப்பாவா?" என்று கேட்டான். விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளேதான் இருப்பார் என்றேன். என்னிடம் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 சிறு வில்லை ஒன்று இருக்கிறது. அவனுடைய வில்லையைவிட அது ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளி தரும். இருவருடைய கமெராவும் ஒரே நிறுவனத்தது. அதைத் துடைத்து வைத்திருக்கிறேன்.