அம்புலன்ஸ் மலை ஏறி வரும் வரைக்கும்
(பூனாகலையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நாங்கள் பேச வந்தது நாலு நிமிடத்தைப் பற்றி.

ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு இரத்தம் போவதும் நின்றுவிடும். நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். சும்மா பார்த்துக்கொண்டு நின்றால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறையும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வருகிறது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த நல்ல சேவை அது. ஆனால் பண்டாரவளைப் பக்கமிருந்து வந்தாலும், கொஸ்லந்தைப் பக்கமிருந்து வந்தாலும், இத்தனை வளைவும் தாண்டி, மழையில் பெயர்ந்த டிவிசன் ரோட்டில் ஏறி, நாலு நிமிடத்தில் லயத்து வாசலுக்கு வர எந்த டிரைவராலும் முடியாது. அந்த நேரம் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான் இருக்கிறது.

2014 அக்டோபர் 29 மீரியாபெத்தையையும், 2023 மார்ச் கபரகலையையும் நினைத்துப் பாருங்கள். வெளியாட்கள் வந்து சேரும் வரை அக்கம்பக்கத்துச் சனம்தான் சனத்துக்குத் துணை. மண்ணுக்குள் போனவர்களை நெஞ்சை அழுத்தியே மீட்டிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அது பொய். கண்முன்னால் விழுகிற ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? சுற்றிக் கூடுகிறோம். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம், வாயில் சோடா ஊற்றுகிறோம், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். பிறகு கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு லொறியைத் தேடி ஓடுகிறோம். அந்த ஓட்டத்தில் பாசம் இருக்கிறது. ஆனால் ஓடுகிற நேரமெல்லாம் இதயம் நின்றபடியேதான் இருக்கிறது.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 1990க்குப் பேசட்டும்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம். மற்றவர் அங்கேயே, கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு அங்குல ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு. கை சோர்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கலாம், நிறுத்தக்கூடாது. எலும்பு பிறகு கூடும்.

ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறோம். எப்போதாவது ஒரு தடவை இழுத்து, மீன் வாய் திறக்கிற மாதிரித் திறந்தால் அது மூச்சு அல்ல. "உயிர் இருக்கு, இழுக்குது" என்று காத்திருந்துதான் பல பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு இரண்டு ஊதல் கொடுப்பார்கள். வாயில் வாய் வைக்கத் தயக்கமாக இருந்தால் அழுத்தினாலே போதும். ஆனால் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊதல் மிக முக்கியம். அதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி நமக்குப் புதிதல்ல. இடி விழுந்தவர் உடம்பில் கரண்ட் இருக்கும் என்று தொடப் பயப்படுகிறோம். இருக்காது, உடனே தொடலாம். கரண்ட் கம்பியில் பிடிபட்டவர் கதை வேறு, அங்கே முதலில் மெயினை நிறுத்த வேண்டும். குளவி கொட்டினால் ஆளைக் கூட்டுக்குத் தூரமாகக் கொண்டு போங்கள். உடம்பு தடித்து மூச்சு முட்டினால் அட்ரினலின் ஊசிதான் மருந்து. இதயம் நின்றால் அந்த ஊசி வரும்வரை நம் கைதான்.

மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பெண் விழுந்தால் ஆம்பிளைகள் நெஞ்சில் கைவைக்கக் கூச்சப்பட்டு நிற்பார்கள். உயிர் போகிற நேரத்தில் அந்தக் கூச்சம் கூடாது. ஆனால் கூச்சம் போகும்வரை காத்திருக்கவும் முடியாது. ஆகவே அக்காமார் முதலில் பழகுங்கள். நாள் முழுக்கக் கூடை சுமக்கிற உடம்புக்கு இது பாரமே இல்லை.

படித்தவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கில் 2005இல் பள்ளிக்கூடங்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 2001இல் இதயம் நின்று விழுந்த 100 பேரில் 21 பேருக்குத்தான் பக்கத்தில் நின்றவர்கள் உதவினார்கள். 2010இல் அது 45 ஆனது. ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 100க்கு மூன்று நான்கு பேரிலிருந்து 11 பேர்வரை கூடினார்கள். அம்புலன்சும் வைத்தியமும் கூடவே முன்னேறியதும் அதற்குக் காரணம். அப்படிப் பார்த்தாலும் 100க்கு 11தான். எல்லாரையும் காப்பாற்றலாம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம்.

பேச்சைக் கேட்டு மட்டும் இது வராது, பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் நம் நாட்டில் இந்தப் பயிற்சி கொடுக்கின்றன.

இனிச் சங்கம் கேட்க வேண்டியது. பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும், அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் இலவசமாக வரச் சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஒவ்வொரு கொழுந்துக் கூட்டத்திலும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். பெக்டரியிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒவ்வொருவர். "இதுதான் பழகியாச்சே, இனி ரோட்டும் டிஸ்பென்சரியும் எதற்கு?" என்று யாராவது கேட்டால் விடாதீர்கள். அழுத்துகிற கை அம்புலன்ஸ் வரும்வரைக்கும்தான். வந்து சேர ரோட்டு வேண்டும், டிஸ்பென்சரியில் அந்த ஊசி இருக்க வேண்டும்.

தலைவர்மார் உங்கள் டிவிசனில் பழக விரும்புகிறவர்களின் பெயர்களை எழுதி அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்களையும் சேருங்கள்.