விலகியும் விட்டுப் போகாதவர்கள்

கொய்யா வாங்கவும் வாத்து மீ சாப்பிடவும் இந்தப் பீடோர் ஊரில் வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நீங்களோ ஆய்வுக் கட்டுரையோடு வந்து இறங்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இந்த நாற்காலிக்கு என்னைவிடப் பொருத்தமான மூத்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அந்தக் கலக்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

'மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவம்: விசுவாசமும் ஐயமும்' என்பது தலைப்பு. மிஷன்களின் வருகை, தோட்டத்துச் சபைகள், தமிழ் ஆராதனை ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். ஐயத்துக்கு அப்போஸ்தலர் தோமாவை விட்டால் ஆளே இல்லை என்பதுபோல் பலர் அவரிடமே தொடங்குகிறீர்கள். மயிலாப்பூர் வரை வந்ததாக மரபு சொல்கிற அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுவோம்.

எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் வந்து ஈப்போ மாநாட்டில் பேசினார். மலாயாத் தமிழரிடையே மதத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் அதோடு பிறந்தது என்று எழுதி வருகிறோம். எழுதியவர்கள் என் மதிப்புக்குரியவர்கள், இருவர் என் ஆசிரியர்கள். பெரியாரின் தாக்கத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அது வெளியே நின்று கேட்ட கேள்வி. ஆறுமுக நாவலர் கேட்டதும் அப்படித்தான்; பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர், சைவராகவே இருந்து மறுத்தார். மறுபக்கம், 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையைக் கொண்டாடுகிறோம். வந்தவரையும் மறுத்தவரையும் எண்ணி முடித்ததும் நம் கணக்கு முடிந்துவிடுகிறது. உள்ளேயே இருந்து மல்லுக்கு நின்றவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

சட்டாம்பிள்ளையைச் சொல்கிறேன். அருமைநாயகம் என்ற பெயருடைய உபதேசியார். நெல்லைச் சீமையில் நாசரேத்துப் பாதிரியாரோடு மோதி வேலையிழந்தவர். மிஷனரி கால்டுவெல் 1849இல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற நூலை வெளியிட்டார். தன் சமூகத்தை இழிவாகச் சித்திரித்ததாக அதை எதிர்த்து நின்றார் இவர். 1857இல் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். 'நாட்டுச் சபை' என்பார்கள். அந்த ஆராதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நாள் சனிக்கிழமை. பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். சாம்பிராணிப் புகை எழ, கைகூப்பி, நெற்றி தரையில் பட விழுந்து வணங்குகிறார்கள். சம்பளப் பாதிரியார் இல்லை, சீமைப் பணமும் இல்லை. வேதம் சொல்வது ஏழாம் நாள். நீங்கள் ஞாயிறு என்கிறீர்களே, எந்த அதிகாரத்தில்? வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தையே விரித்துவைத்துக் கேட்ட கேள்வி இது.

இந்த வழக்கைப் பெரிதும் மிஷனரிகளின் எழுத்து வழியாகவே படித்துவந்தோம். வாதியின் தரப்பைக் கேட்க வைத்தவர்கள் தாமஸ் தங்கராஜ், வின்சென்ட் குமாரதாஸ் போன்ற ஆய்வாளர்கள். நம் பாடத்திட்டத்தில் கால்டுவெல்லுக்கு ஒப்பிலக்கணம் இருக்கிறது, சட்டாம்பிள்ளைக்கு ஒரு வரி இல்லை.

இதற்கும் பீடோருக்கும் என்ன உறவு என்பீர்கள். ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களில் திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். நெல்லைக்காரர்களில் பலர் கடை வைத்தவர்கள். ஆகவே வம்சாவளி உறவு எதையும் நான் கோரவில்லை. ஆனால் துரையும் பாதிரியாரும் ஒரே நிறமாக இருந்த இடத்தில் எழும் கேள்வி இங்கும் எழாமலா இருந்திருக்கும்? லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறார். கொடுப்பது பாவமா, கொடுக்காவிட்டால் நாளைக்குப் பெரட்டில் யார் முகத்தைப் பார்ப்பது? இது இறையியல் கேள்விதான். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஏறும். இந்தத் தவிப்பு ஏறாது. பால்மரம் வெட்டிய, எண்பது வயது தாண்டிய பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு. மாணவர்களே, நூலகம் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி கேட்டவரெல்லாம் விடுதலை வீரர் என்றும் சொல்ல வரவில்லை. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகளைத் தமிழிலேயே வெளுத்து வாங்கினார். அதில் ஒரு பகுதி, கோயிலுக்குள் சாதி பார்த்து உட்காரும் வழக்கத்துக்கு வக்காலத்து. சட்டாம்பிள்ளையிடமும் குலப்பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதுவது ஆய்வல்ல.

சட்டாம்பிள்ளையிடம் அந்தப் பெருமை மட்டும்தான் இருந்தது, ஐயம் ஒரு சாக்கு என்று வாதிடும் கட்டுரை பிற்பகல் அமர்வில் வருகிறது. எழுதிய நண்பர் கூர்மையானவர்; முன்பும் இதே விஷயத்தில் என்னை மடக்கப் பார்த்தவர். அவரிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன். சாதிமானம் காப்பதுதான் நோக்கமென்றால் அடுத்த ஊர் மிஷனுக்கு மாறியிருக்கலாம், ரோமன் கத்தோலிக்கத்துக்குப் போயிருக்கலாம், தாய்மதத்துக்கே திரும்பியிருக்கலாம். வழி மூன்றும் திறந்தே கிடந்தன. எதிலும் போகாமல் ஏசுவையும் விடாமல், ஓய்வுநாளை ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாற்றினாரே, அதில் சாதிக்கு என்ன லாபம்?