முதியோர் இல்லம்: எதைப் பார்த்து நல்லது என்போம்?

(வருடாந்திர ஆதரவாளர் கூடுகையில், நமது மருத்துவமனையின் ஓய்வுபெற்ற நர்ஸிங் கண்காணிப்பாளர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகைக்கு வரும்போதெல்லாம் உங்களில் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு. ஒருவர், "சிஸ்டர், அம்மாவை இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. எந்த இல்லம் நல்லது?" என்பார். இன்னொருவர், "முதியோர் ஊழியத்திற்கு மாதாமாதம் காணிக்கை அனுப்புகிறோம். அங்கே நன்றாகக் கவனிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பார். கேட்பவர்கள் வேறு; கேள்வி ஒன்றுதான். ஓர் இல்லத்தின் பராமரிப்பை எதைக்கொண்டு அளப்பது? இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் ஊர்களில் நர்ஸிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள். நான் சொல்வது அதை அல்ல. தானாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, உண்ணவோ முடியாத முதியவர்கள் செவிலியர் கவனிப்பில் வருடக்கணக்கில் வாழும் இல்லங்களைச் சொல்கிறேன். மருத்துவமனைக்கு வரும் நோயாளி சில நாட்களில் வீடு திரும்புவார். குறை இருந்தால் நாலு பேரிடம் சொல்வார். இல்லத்தில் இருப்பவருக்கோ அதுவே வீடு. பக்கவாதத்தால் பேச்சு நின்றவரும் நினைவு மங்கியவரும் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அவர்களுக்காக நாம்தான் பார்க்க வேண்டும், நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று காரியங்கள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளக்கும் வழியைத் தெளிவாக்கியவர் டாக்டர் அவேடிஸ் டொனபீடியன். 1919-இல் பெய்ரூட்டில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் மருத்துவராக எருசலேமில் இருந்த ஆங்கில மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பின்பு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1966-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மருத்துவ உலகில் பேசப்படுகிறது. மூன்று இடங்களில் பார்க்க வேண்டும் என்பது அவர் போதனை. முதலாவது அமைப்பு: கட்டடம், கருவிகள், ஆட்கள். இரண்டாவது செயல்: அந்த ஆட்கள் நாள்தோறும் செய்கிற காரியங்கள். மூன்றாவது விளைவு: அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது.

நாம் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

1. அமைப்பு

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஓர் இல்லத்திற்குப் போகிறோம். போர்வையும் கேக்கும் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். தரை பளபளக்கிறது. மின்விசிறிகளில் "இன்னாரின் நினைவாக" என்று எழுதியிருக்கிறது. திருப்தியாக வீடு திரும்புகிறோம். தரை சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அடுத்தமுறை வேறு சிலவற்றையும் கவனியுங்கள். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா? கட்டிலில் உட்கார்ந்தால் பாட்டியின் கால் தரையில் படுகிறதா? கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு உண்டா? அழைப்பு மணி கைக்கு எட்டுமா?

எல்லாவற்றிற்கும் மேலாக, இரவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஏன் என்று ஒரு சிறு கணக்கினால் காட்டுகிறேன். ஓர் இல்லத்தில் 12 பேர் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப் புண் வராமலிருக்க அவர்களைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை ஒருவருக்கு ஆறு முறை. 12 பேருக்கு 72 முறை. தோல் உரசாமல் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். இரண்டு பேர் இரவில் பாதியை இதற்கே செலவிட வேண்டும். டயப்பர் மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் மீதிப் பாதியில். அங்கே இரவுக்கு ஒரே ஓர் ஆயா என்றால் இந்த வேலை நடக்க வழியே இல்லை. அப்படியிருந்தும் அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால், அது பேனா செய்த வேலை.

அமெரிக்காவில் 2008 முதல் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை அரசே மதிப்பிட்டு வெளியிடுகிறது. ஆரம்பத்தில் எத்தனை ஊழியர்கள் என்பதை இல்லங்கள் தாங்களே சொல்ல, அதை ஏற்றுக்கொண்டார்கள். 2018 முதல் சம்பளப் பதிவிலிருந்தே கணக்கெடுக்கிறார்கள். நாமும் வாய்ச்சொல்லோடு நிற்காமல் வருகைப் பதிவேட்டைக் கேட்பது நல்லது.

2. செயல்

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு அவசரமாகத் திணிக்கிறாரா? விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? அடிக்கடி சிறுநீர் போகும் என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பெரிய தீங்கு. மூக்குக்கண்ணாடியும் பல் செட்டும் அவரவரிடம் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா?

விழுந்துவிடுவார் என்று சொல்லிக் கட்டிலோடு கட்டி வைப்பதும், சத்தம் போடுகிறார் என்று தூக்க மாத்திரை கொடுத்து அடக்குவதும் முன்பு பல நாடுகளில் சாதாரணமாக நடந்தன. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியவர்களைக் கட்டவும் மருந்தால் மயக்கவும் கூடாது என்று உரிமை வழங்கியது. கட்டினால் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. கட்டப்பட்டவர் திமிறிக் காயப்படுகிறார். அசையாத கைகால் சில வாரங்களில் பலமிழந்து மடங்கிப்போகிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். சில இல்லங்களில் எல்லாப் பாட்டிமாருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். வாரிப் பின்னிவிட ஆள் இல்லை, பேன் தொல்லை என்று காரணம் சொல்வார்கள். எழுபது வருடம் கொண்டை போட்டிருந்த தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, "ஏழாம் நம்பர் பெட்" என்கிறார்களா? உடம்பு துடைக்கும்போது திரை இழுக்கிறார்களா? வேறு மார்க்கத்தாரையும் ஜெப வேளைக்கு வற்புறுத்தாமல், அதே அன்போடு கவனிக்கிறார்களா? இவை யாவும் பராமரிப்பைச் சேர்ந்தவையே.

3. விளைவு

விளைவில் முதலாவது படுக்கைப் புண். படுக்கைப் புண் வருவதற்குப் பெரும்பாலும் நோயைவிடக் கவனிப்பின் குறையே காரணம் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே எழுதினார். 1962-இல் டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்துச் செவிலியர், யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிய ஓர் எளிய முறையை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து உண்டு. இதற்கு வேண்டியது ஒரு தாளும் பென்சிலும் மட்டுமே. உங்கள் சொந்தத் தாயோ தகப்பனோ இருந்தால், செவிலியர் முன்னிலையில் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள்.

இரண்டாவது எடை. ஒரே மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் காரணம் தேட வேண்டும். 50 கிலோ இருந்த அம்மாவுக்கு அது மாதத்தில் இரண்டரை கிலோ. எடைப் பதிவேடு இல்லாத இல்லத்தில் இது யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும். மூன்றாவது, எத்தனை பேர் விழுந்தார்கள், விழுந்த பின் என்ன மாற்றம் செய்தார்கள் என்பது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிப்பு. புண் உள்ளவர் ஒருவரும் இல்லை என்று ஓர் இல்லம் சொன்னால் உடனே புகழாதீர்கள். படுத்த படுக்கையானவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். வேறெங்கும் இடம் கிடைக்காமல் புண்ணோடு வருகிறவர்களை ஏற்றுக்கொள்ளும் இல்லத்தில் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே, "வரும்போதே இருந்தது எத்தனை, இங்கே வந்தபின் உண்டானது எத்தனை, ஆறியது எத்தனை?" என்று பிரித்துக் கேளுங்கள். மரணத்தையும் தோல்வியாக எண்ண வேண்டாம். வலியில்லாமல், ஒருவர் கையைப் பிடித்திருக்க, சமாதானத்தோடு கடந்துபோவதும் நல்ல விளைவே.

நமது பங்கு

இந்தியாவில் 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்காக, குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது மாநில அரசுகள் அமைக்க அது வழிசெய்கிறது. சட்டம் இருப்பது நன்மையே. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தண்ணீர் கேட்டால் கிடைக்குமா என்பதைச் சட்டப் புத்தகம் வந்து பார்ப்பதில்லை.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியனை நாம் அறிவோம். காயம் கட்டியதையும் சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்ததையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவன் இன்னொன்றும் செய்தான். தான் மறுபடியும் அந்த வழியே வருவதாகச் சொன்னான். செலவு கூடியிருந்தால் அப்போது தருவதாகவும் சொன்னான். கொடுத்தவன் திரும்பி வருவான் என்று சத்திரக்காரனுக்குத் தெரியும். காயப்பட்டவனுக்கும் அது எத்தனை தைரியமாக இருந்திருக்கும்!

பிரியமானவர்களே, உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாவது, திரும்பி வாருங்கள். பண்டிகை நாளில் மட்டுமல்ல, சாதாரண நாள் மாலையில் வாருங்கள். உள்ளே நுழைந்ததும் வரும் வாடையைக் கவனியுங்கள். பேச முடியாதவர் அருகில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஆயாவிடம், "எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் அம்மா?" என்று விசாரியுங்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் எந்தத் தாத்தாவுக்குச் சீனி இல்லாத காபி, எந்தப் பாட்டிக்கு இடது தோளில் வலி என்பது யாருக்கும் தெரியாது. குறை கண்டால் கோபப்படாமல் பொறுப்பாளரிடம் சொல்லி, அடுத்த மாதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நமது மருத்துவமனையின் முதியோர் வார்டுக்கும் விலக்கு இல்லை. இதே கேள்விகளோடு எங்களிடமும் வாருங்கள்.

இரண்டாவது, பெயர் எழுத முடியாத காரியங்களுக்குக் கொடுங்கள். மின்விசிறியில் பெயர் எழுதலாம்; இரவு ஆயாவின் சம்பளத்தில் எழுத முடியாது. கையுறையிலும் டயப்பரிலும் எழுத முடியாது. ஆனால் நான் சொன்ன அந்த 72 முறை புரட்டுதலும் அவற்றால்தான் நடக்கிறது. ஒரு குடும்பமாகவோ, ஒரு சபையாகவோ சேர்ந்து ஓர் இரவு ஊழியரைத் தாங்கினால், பன்னிரண்டு பேரின் தோல் காக்கப்படும்.

டாக்டர் டொனபீடியன் 2000-ஆம் ஆண்டு மரித்தார். தரத்தை அளக்க வாழ்நாளெல்லாம் முறைகள் வகுத்த அவர், கடைசி நாட்களில் அளித்த ஒரு பேட்டியில், தரத்தின் இரகசியம் முடிவில் அன்புதான் என்ற கருத்தைச் சொன்னார். அன்பு இருந்தால் அளப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குறை தெரிந்தால் அன்பே திருத்திவிடும்.

முதிர்வயதிலும் நம்மைத் தாங்குகிற தேவன், உங்கள் காணிக்கையையும் ஜெபத்தையும் உங்கள் கால்கள் நடந்து வருகிற பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.